இடைவெளி இல்லையென்றால் ஒன்றுமே இல்லையா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சண்டைப் பதிவு. ‘இடைவெளி’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ஏழை-பணக்காரன் பற்றி ஏதோ எழுதியிருப்பதாக நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும், இது இயற்பியல். நடுவில் ‘கூட்டுக் கிளர்ச்சி’ என்றும் வரும். அதற்கும் ராணிப்பேட்டை கலெக்டர் ஆபீஸ் வாசலில் நடப்பதற்கும் சம்பந்தம் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது. போகப் போகத் தெரியும்.)

சண்டை எதற்கு? என்னோடு படிக்கும் தோழி ஒருத்தி எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்கு ‘பாதி நிரம்பிய லாண்டாவ் மட்டத்தில் எலக்ட்ரான்களின் கூட்டுக் கிளர்ச்சிகள்’ என்று தலைப்பு எழுதிக் கொடுத்தாள். மறுநாளே திரும்பி வந்துவிட்டது. கூடவே வந்த அறிவுரையை மூன்று வாதங்களாகப் பிரிக்கலாம்:

1. அந்த இடத்தில் படியே கிடையாது. படி இல்லாத இடத்தில் என்ன இயற்பியல்?
2. ஆற்றல் இடைவெளி இல்லாத நிலையில் கூட்டுக் கிளர்ச்சி என்று எதுவும் தனியாக நிற்காது, எல்லாம் கரைந்து போய்விடும்.
3. அப்படியே ஏதாவது இருந்தாலும் யாருக்கு உபயோகம்? குவாண்டம் கம்ப்யூட்டிங்கில் ஏதாவது எடு, வேலைக்காவது ஆகும்.

சொன்னவர் ஒருவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இணையத்தில் குவாண்டம் பற்றி வரும் கட்டுரைகளில் பாதி இதே பாட்டைத்தான் பாடுகின்றன. அதனால் மூன்றையும் வரிசையாக எடுத்துக்கொள்வோம். மூன்றும் தப்பு என்பது என் கட்சி.

அதற்கு முன்னால் கொஞ்சம் பாடம். தெரிந்தவர்கள் நாலு பத்தி தாண்டிப் போகலாம்.

பி.எஸ்ஸி.யில் ஹால் விளைவு படித்திருப்போம். மின்னோட்டம் ஓடும் பட்டைக்குச் செங்குத்தாகக் காந்தப் புலம் கொடுத்தால் பக்கவாட்டில் மின்னழுத்தம் தோன்றும். புலம் ஏற ஏற ஹால் மின்தடை நேர்கோட்டில் ஏறும். நம் சிலபஸ் அங்கேயே சுபம் போட்டுவிடும். 1980-ல் கிளாவுஸ் ஃபான் கிளிட்சிங், ஒரு மெல்லிய தளத்துக்குள் அடைபட்ட எலக்ட்ரான்களைக் கடுங்குளிரில், பெரிய காந்தப் புலத்தில் வைத்து அளந்தார். நேர்கோடு வரவில்லை, படிக்கட்டு வந்தது. ஒவ்வொரு படியும் 25812.807 ஓமை ஒரு முழு எண்ணால் வகுத்தால் வருவது. 1985-ல் அதற்கு நோபல். 1982-ல் சூய், ஷ்டோர்மர் இருவரும் ஆர்தர் கோசார்ட் வளர்த்துக் கொடுத்த காலியம் ஆர்சனைடு மாதிரியில் 1/3 என்ற பின்னத்தில் ஒரு படியைப் பார்த்தார்கள். 1983-ல் லாஃப்லின் விளக்கம் கொடுத்தார். 1998-ல் லாஃப்லின், ஷ்டோர்மர், சூய் மூவருக்கும் நோபல்.

1/3 என்றால் என்ன? நம்ம ஊர் கணக்கில் சொல்கிறேன். காலையில் அரக்கோணத்திலிருந்து சென்னைக்குக் கிளம்பும் மின்சார ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். காந்தப் பாயத்தின் ஒவ்வொரு குவாண்டமும் ஒரு சீட். எலக்ட்ரான்தான் பயணி. எல்லா சீட்டும் நிரம்பினால் நிரப்பு பின்னம் 1. அப்போது ஒருவர் இடம் மாற வேண்டுமானால் மேலே லக்கேஜ் வைக்கும் பலகையில்தான் ஏற வேண்டும், அதற்குத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்புதான் ஆற்றல் இடைவெளி. இது புரிந்துகொள்ளக் கூடியது.

1/3-ல் மூன்று சீட்டுக்கு ஒருவர்தான். காலி இடம் தாராளம். யார் எங்கே உட்கார்ந்தாலும் செலவில்லை. அங்கே இடைவெளி வர நியாயமே இல்லை, ஆனாலும் வந்தது. காரணம், பயணிகளுக்கு ஒருவரை ஒருவர் பிடிக்காது. ஒவ்வொருவரும் மற்ற எல்லாரிடமிருந்தும் ஒதுங்கப் பார்த்து, கடைசியில் பெட்டி முழுக்கச் சேர்ந்து ஒரே ஒரு ஏற்பாட்டில் போய் அமைகிறது. அதைக் கொஞ்சம் கலைத்தாலும் எல்லாரும் நெளிய வேண்டும். அந்த நெளிவு அலையாக ஓடும். அதுதான் கூட்டுக் கிளர்ச்சி. ஒரு தனி எலக்ட்ரானைக் காட்டி ‘இது செய்தது’ என்று யாரும் வழக்குப் போட முடியாது. 1985-ல் கெர்வின், மெக்டொனால்ட், பிளாட்ஸ்மேன் மூவரும் ஹீலியம் திரவத்துக்கு ஃபைன்மேன் போட்ட கணக்கின் வழியிலேயே போய் இந்த அலையின் ஆற்றலைக் கணக்கிட்டார்கள். பாடம் முடிந்தது.

இப்போது முதல் வாதம்: படி இல்லாத இடத்தில் இயற்பியல் இல்லை.

1/2-ல் என்ன தெரிகிறது? ஹால் மின்தடை 51,625 ஓமை ஒட்டிச் சாதாரணமாகக் கடந்து போகிறது. படி இல்லை, தட்டை இல்லை. எக்ஸ்பிரஸ் ரயில் நிற்காத ஸ்டேஷன் மாதிரி. வரைபடத்தைப் பார்த்தால் ‘இங்கே ஒன்றுமில்லை’ என்றுதான் தோன்றும்.

ஆனால் 1990-ல் பெல் ஆய்வகத்தில் ராபர்ட் வில்லெட்டும் சகாக்களும் மின்தடையை அளப்பதை விட்டுவிட்டுப் படிகத்தின் மேற்பரப்பில் ஒலி அலையை ஓட்டிப் பார்த்தார்கள். அந்த அலை மின்புலத்தையும் சுமந்து போகும். வழியில் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பொறுத்து அலையின் வேகமும் வீச்சும் மாறும். 1/2-க்கு வந்தபோது, எலக்ட்ரான் தளம் எதிர்பார்த்ததை விட அதிகமாக மின்சாரத்தைக் கடத்தியது. அலைநீளத்தைக் குறைக்கக் குறைக்க அந்தக் கூடுதல் இன்னும் ஏறியது. மின்தடை மீட்டருக்குத் தெரியாதது ஒலிக்குத் தெரிந்தது!

விளக்கத்துக்கு விதை 1989-லேயே விழுந்திருந்தது. போட்டவர் ராஜஸ்தானத்தில் சாம்பர் என்ற ஊரில் பிறந்த ஜைனேந்திர ஜெயின். (2025-ல் இயற்பியலுக்கான வுல்ஃப் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.) ஒவ்வொரு எலக்ட்ரானும் இரண்டு காந்தச் சுழல்களைத் தன்னோடு கட்டிக்கொண்டு ஒரு புதுத் துகளாகிறது என்றார். பெயர் காம்போசிட் ஃபெர்மியான். 1/2-ல் ஒரு எலக்ட்ரானுக்குச் சரியாக இரண்டு பாயக் குவாண்டம்தான் உண்டு. இரண்டையும் கட்டிக்கொண்டுவிட்டால் மிச்சம் எவ்வளவு? பூஜ்யம். 1993-ல் ஹால்பெரின், லீ, ரீட் மூவரும் இதை முழுக் கோட்பாடாக எழுதினார்கள். வெளியே பெரிய காந்தப் புலம், ஆனால் புதுத் துகள்களுக்கு அது இல்லவே இல்லை. சாதாரண உலோகத்தில் போல அவை வட்டமான ஒரு ஃபெர்மிக் கடலாக நிரம்பி நிற்கின்றன. கடலின் கரையில் இருக்கும் துகளை அசைக்க எவ்வளவு சின்ன ஆற்றலும் போதும். அதனால்தான் இடைவெளி இல்லை.

எண்ணில் பார்த்தால் இதன் திமிர் புரியும். சதுர சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் கோடி எலக்ட்ரான் உள்ள மாதிரியில் 1/2 வருவது சுமார் 8.3 டெஸ்லாவில். அந்தப் புலத்தில் ஒரு தனி எலக்ட்ரான் சுமார் 9 நானோமீட்டர் ஆரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஆனால் 1993, 1994-ல் வந்த சோதனைகளில் மின்சாரத்தைச் சுமந்தவை ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு நேராக ஓடின. கிட்டத்தட்ட நூறு மடங்கு. அத்தனை எலக்ட்ரானும் கூடி நடத்தும் வேலை இது. இதையா ‘ஒன்றுமில்லை’ என்கிறார்கள்?

படி என்பது ஒரு மீட்டரின் வசதி, அவ்வளவுதான். மார்க் ஷீட்டில் தெரியாததெல்லாம் பையனிடம் இல்லை என்று முடிவு கட்டுகிற அதே புத்தி இங்கேயும் வேலை செய்கிறது.

இரண்டாம் வாதம்: இடைவெளி இல்லாத இடத்தில் கூட்டுக் கிளர்ச்சி நிற்காது.

இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இது மற்ற இரண்டையும் விட ஆபத்தானது. இடைவெளி இருந்தால் அதற்குள் கூட்டு அலை தனியாக, தெளிவாகத் தெரியும். இடைவெளி இல்லாத 1/2-ல், எந்தக் குறைந்த ஆற்றலிலும் தனித் துகள் கிளர்ச்சிகள் ஆயிரம் கிடக்கின்றன. அலை தன் ஆற்றலை அவற்றிடம் இழந்து மங்கிவிடும். சரி. ஆனால் மங்குவதும் ஒரு கூட்டு நடத்தைதானே! ஹால்பெரின், லீ, ரீட் கணக்கின்படி 1/2-ல் மின்னூட்ட அடர்த்தியில் ஏற்படும் மேடு பள்ளம் அலையாக ஓடாது, தேன் மாதிரி மெதுவாகச் சமனாகும். அந்த மெதுவுக்கும் ஒரு விதி உண்டு: கூலும் விசை இருந்தால் சமனாகும் வீதம் அலை எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது, குறுந்தொலைவு விசை மட்டும் இருந்தால் கனத்தைப் பொறுத்தது. தனித் தனி எலக்ட்ரானை எண்ணிக்கொண்டிருந்தால் இந்த விதி வரவே வராது.

இன்னும் முக்கியமான விஷயம் அடுத்தது. இந்தப் பதிவில் ஒரே ஒரு பத்தி படிப்பதானால் இதைப் படியுங்கள்.

1/3, 2/5, 3/7, 4/9 என்று போகும் ஜெயின் வரிசை எங்கே போய்ச் சேர்கிறது? 1/2-ல். மறுபக்கம் 2/3, 3/5, 4/7 எங்கே? அதே 1/2. படி உள்ள இத்தனை நிலைகளும் படி இல்லாத ஒரு நிலையை இரண்டு பக்கமும் சூழ்ந்து நிற்கின்றன. 1/2-லிருந்து சற்று விலகினால் காம்போசிட் ஃபெர்மியான்களுக்குச் சின்னதாக ஒரு மிச்சப் புலம் கிடைக்கும். அப்போது அந்த வட்டக் கடலின் கரை நெளிய ஆரம்பிக்கும். நீள்வட்டமாக ஒரு நெளிவு, மூன்று முனையோடு ஒரு நெளிவு, நாலு முனையோடு இன்னொன்று. 2016-ல் கோல்கர், நுயென், ராபர்ட்ஸ், சோன் ஆகியோர் காட்டியது இதுதான்: 1/2-க்கு அருகே உள்ள படி நிலைகளின் கூட்டுக் கிளர்ச்சிகள் எல்லாம் இந்தக் கரையின் வடிவ அலைகளே. அதாவது இடைவெளி உள்ள பிள்ளைகளிடம் நாம் அளக்கும் அலை, இடைவெளி இல்லாத தாயின் உடம்பு நெளிவு. தாயைப் பற்றிப் படிக்காதே, பிள்ளைகளை மட்டும் படி என்றால் எப்படி?

அதிலும் நீள்வட்ட நெளிவு சாமானியமானதில்லை. அதன் சுழற்சி எண் 2. ஈர்ப்பு அலையின் துகளுக்குச் சொல்லப்படும் அதே எண் என்பதால் இதற்கும் ‘கிராவிட்டான்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆரன் பின்சுக் கொலம்பியாவில் பல வருடம் வளர்த்த ஒளிச்சிதறல் முறையை வைத்து (அவர் 2022-ல் காலமானார்) நாஞ்சிங் பல்கலைக்கழகக் குழு இதன் சுழலும் திசையையே அளந்து 2024-ல் நேச்சர் இதழில் வெளியிட்டது. 1/3-ல் ஒரு திசை, 2/3-ல் எதிர்த் திசை. உடனே ‘ஈர்ப்புத் துகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று செய்தி போட்டார்களே, அதை நம்பாதீர்கள். ஐன்ஸ்டைனுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

‘சரி, இதெல்லாம் பிள்ளைகள் கதை. இடைவெளி இல்லாத நிலையிலேயே தெளிவான அலை ஒன்றைக் காட்டு’ என்கிறீர்களா? 1/4-க்கு வாருங்கள். அதுவும் படி இல்லாத, இடைவெளி இல்லாத ஃபெர்மிக் கடல்தான், எலக்ட்ரான் கட்டிக்கொள்ளும் சுழல் மட்டும் நாலு. 2021-ல் நுயெனும் சோனும் ஒரு முரண்பாட்டைப் பிடித்தார்கள். கடலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஹால்டேன் நிறுவிய ஓர் எல்லை மீறப்படுகிறது. சரிசெய்ய வேண்டுமானால் அந்தக் கடலுக்கு மேலே, உயர்ந்த ஆற்றலில், ஒரே திசையில் சுழலும் கூட்டு அலை ஒன்று இருந்தாக வேண்டும் என்றார்கள். கீழே இடைவெளி இல்லை, மேலே அலை இருக்கிறது. இரண்டாம் வாதத்தின் மீதிப் பாதியும் காலி.

இந்த அலைக்கு இன்னொரு முகவரி எங்கே கிடைத்தது தெரியுமா? அரக்கோணத்திலிருந்து ரயில் பிடித்தால் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடக்கூடிய தரமணியில். 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனத்தின் அஜித் பால்ராம், வெளிநாட்டு ஆய்வாளர்கள் மூவரோடு சேர்ந்து 2022-ல் ஃபிசிகல் ரிவ்யூ எக்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, 1/4-ஐ நோக்கிப் போகும் 2/7, 2/9 போன்ற நிலைகளில் ஒன்றுக்குப் பதில் இரண்டு கூட்டு அலைகள் உண்டு என்றது. இரண்டாவது அலை, எலக்ட்ரானைக் கற்பனையாகப் பிளந்தால் வரும் ‘பார்ட்டான்’ என்ற துண்டுகளின் அலை. குறைந்த ஆற்றலில் ஒளிந்திருந்து உயர்ந்த ஆற்றலில் முகம் காட்டுகிறது. நம் காலடியில் நடக்கும் வேலை இது. நம் கல்லூரி நோட்டீஸ் போர்டில் இதைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டு கூட நான் பார்த்ததில்லை.

மூன்றாம் வாதம்: உபயோகம் என்ன?

2023 ஏப்ரலில் மத்திய அரசு தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது. எட்டு வருடத்தில் 50 முதல் 1000 கியூபிட் வரை கொண்ட கணினி என்பது அதன் இலக்குகளில் ஒன்று. நல்லது, வரட்டும். ஆனால் அதைப் பார்த்து ‘குவாண்டம் என்றால் கியூபிட், கியூபிட் என்றால் இடைவெளி, இடைவெளி இல்லாதது வேஸ்ட்’ என்று நூல் பிடித்துப் போகிறவர்களிடம் ஒரு கேள்வி. பிழை தாங்கும் குவாண்டம் கணினிக்கு ஆசையாகச் சுட்டிக்காட்டப்படும் 5/2 நிலை (1987-ல் பார்த்தது, 1991-ல் மூர், ரீட் இருவரும் அலைச்சார்பு எழுதியது) எங்கிருந்து வருகிறது? பாதி நிரம்பிய மட்டத்தின் அதே காம்போசிட் ஃபெர்மிக் கடலில் துகள்கள் ஜோடி சேர்ந்தால் வருகிறது. மீக்கடத்தி உலோகத்திலிருந்து பிறப்பது போல. 2000-ல் ரீட், கிரீன் எழுதியது இதைத்தான். உபயோகம் கேட்பவர்களுக்கே கூட இடைவெளி இல்லாத கடலைத் தாண்டாமல் வழி கிடையாது.

தோல் தொழில் நடக்கும் பக்கத்தில் இருந்துகொண்டு ‘உபயோகம்’ பற்றி நாம் இவ்வளவு அவசரப்படக் கூடாது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி மூன்று ஊரும் சோறு சாப்பிடுவது கொலாஜன் என்ற ஒரு புரதத்தை நம்பி. தோல் பதனிடுவது என்றால் அதைக் கெடாமல் நிறுத்துவதுதான். அந்தக் கொலாஜன் மூன்று இழை முறுக்கு என்று 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து சொன்னவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஷூ விலையைக் கேட்டுவிட்டா அவர்கள் எக்ஸ்ரே படத்தைக் கையில் எடுத்தார்கள்?

சென்னை ஐ.ஐ.டி.யில் 1969-ல் மின்பொறியியல் முடித்த ராமமூர்த்தி சங்கர், அப்புறம் இயற்பியலுக்குத் தாவி, கணபதி மூர்த்தியோடு சேர்ந்து 1997-லிருந்து காம்போசிட் ஃபெர்மியான்களுக்கு ஹாமில்டோனியன் கோட்பாடு எழுதினார். இன்ஜினியரிங் சீட் கிடைத்தவருக்கே இது வேலைக்கு ஆகாத விஷயமாகத் தோன்றவில்லை.

மார்க்கைப் பற்றி மேலே ஒரு வரி போட்டேன், அதற்கு இந்தத் துறையிலேயே ஓர் உதாரணம். 2007-ல் சைமன், ரெசாயி, கூப்பர், பெர்ட்னிகோவ் ஆகியோர் 2/5-க்கு ‘காஃப்னியன்’ என்ற அலைச்சார்பைப் பரிசோதித்தார்கள். சில எலக்ட்ரான்களை வைத்துக் கணினியில் போட்ட விடையோடு அது பிரமாதமாகப் பொருந்தியது. பரீட்சையில் ஏறக்குறைய நூற்றுக்கு நூறு. ஆனால் அதன் பின்னால் இருக்கும் கோட்பாடு, அது உண்மையில் இடைவெளி இல்லாத நிலையாக இருக்க வேண்டும் என்றது. 2/5-ல் சோதனை காட்டுவதோ இடைவெளி உள்ள நிலை. அதே பின்னம், அதே மார்க், வேறு ஆள். எந்த அலைச்சார்பு எந்த நிலைக்கு உரியது என்று பிரித்தறியக் கிளர்ச்சிகளைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, புலம்பல் போதும். ‘லேப் இல்லை, மாதிரி இல்லை, நாம என்ன பண்ண முடியும்’ என்று கேட்கும் வகுப்பு நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரு கோளத்தின் மேல் 9 எலக்ட்ரான், 17 சீட். மொத்தம் 24,310 ஏற்பாடுகள். கோண உந்தத்தின் செங்குத்துக் கூறு பூஜ்யமாக உள்ளவற்றை மட்டும் எடுத்தால் ஆயிரத்துக்கும் குறைவு. கூலும் விசையைப் போட்டு அணியை மூலைவிட்டமாக்குங்கள், வீட்டுக் கம்ப்யூட்டரில் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். சுழல்களைக் கட்டிக்கொண்ட பின் புலம் பூஜ்யம், 1+3+5 என்று மூன்று கூடு நிரம்பி 9. ஃபெர்மிக் கடலின் குட்டி வடிவம் உங்கள் மேஜையிலேயே. இதில் ஒரு வேடிக்கை: இதே 9-ம் 17-ம் 3/7 நிலைக்கும் உரிய எண்கள், 3/5-க்கும் உரிய எண்கள். இந்த அளவில் இடைவெளி உள்ள பிள்ளைகள் இரண்டும் இடைவெளி இல்லாத தாயும் ஒரே கதவிலக்கத்தில் குடியிருக்கிறார்கள்! எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கூட்டினால்தான் யார் யார் என்று பிரிவது தெரியும். செய்து பார்த்துவிட்டு, ‘அங்கே ஒன்றுமில்லை’ என்று மறுபடி சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஆரம்பத்தில் அடைப்புக்குறிக்குள் சொன்னதற்கும் கணக்கு முடித்துவிடுகிறேன். தலைவர் இல்லை, மேடை இல்லை, தனியாக யாரும் எதையும் செய்யவில்லை. ஆனாலும் மொத்தக் கூட்டமும் சேர்ந்து 8 டெஸ்லா புலத்தையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. இதற்குக் கிளர்ச்சி என்று தமிழில் பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

மூன்று வாதத்தில் எதையாவது காப்பாற்ற முடியும் என்று நினைப்பவர்கள் பின்னூட்டத்தில் வாருங்கள். ‘சிலபஸில் இல்லை’ என்ற நாலாவது வாதத்துக்கு மட்டும் பதில் கிடையாது :-)